தகட்டுக்குப் பின்னால் ஒரு மொட்டு

அந்தத் தகடு குப்புறக் கிடந்ததால்தான் அந்த அழகு என் கண்ணில் பட்டது.

போடிநாயக்கனூரில், மேற்கே மலையைப் பார்த்தபடி திறந்திருக்கும் ஒரு சின்னப் பட்டறை. வாசலில் காலை வெயில் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. பூப்பாறைப் பக்கம் என் சித்தப்பா வைத்திருக்கும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து, டிரையரின் காற்றுப்பெட்டித் தகட்டை வெட்டி, அதன் விசிறி மூடியோடு எடுத்து வந்திருந்தோம். அதன் முன்முகம் எனக்குப் பழக்கம்தான். புகை படிந்து, ஆங்காங்கே சொட்டை விழுந்து, விசிறி மூடியைப் பிடித்துக்கொள்ள வட்டமாக எட்டு போல்ட் ஏறும் முகம். பின்முகத்தை நான் பார்த்ததில்லை. நான் மட்டுமா, பெட்டியை மூடிய நாளிலிருந்து யாருமே பார்த்ததில்லை. உள்ளே கை நுழையாது.

இப்போது அந்தப் பின்முகம் வெயிலைப் பார்த்தபடி கிடந்தது. எட்டு இடங்களில் தகட்டைத் துளைத்துக்கொண்டு எட்டுக் குழல்கள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொன்றும் தகட்டை ஒட்டிய இடத்தில் சுற்றிலும் பூரித்துத் திரண்டிருந்தது. அதற்கு மேல் ஒடுங்கி, நேரான காம்பாக நீண்டிருந்தது. காம்போடு கவிழ்த்து வைத்த குண்டுமல்லி மொட்டுகளைப் போல. துத்தநாகப் பூச்சின் மங்கிய வெள்ளை வேறு அந்த நினைப்பைத் தூண்டியது. ரிவெட் நட் என்று கடையில் பொட்டலமாக வாங்கும் சாமான் இது. இதற்கு இப்படியொரு உருவம் உள்ளே பூத்திருக்கும் என்று யார் கண்டது?

கொஞ்சம் என்னோடு குனிந்து பாருங்கள். முதலில் அந்தத் தகட்டின் மெலிவைப் பாருங்கள். 22 கேஜ். முக்கால் மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. ஆறு மில்லி போல்ட் ஒன்றின் மரையைக் கண்ணருகே கொண்டுவந்தால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அப்படியானால் இந்தத் தகட்டின் மொத்தத் தடிப்புக்குள் ஒரே ஒரு சுற்று மரைகூட முழுதாக அடங்காது. வெட்டினாலும் அது மரையாகாது, வெறும் கீறல். பின்னால் சாதாரண நட்டை வைத்துப் பிடிக்கலாமென்றால் பின்னால் போக வழியில்லை. பற்றவைக்கலாமென்றால் மெல்லிய தகடு வெந்து சுருங்கும், துத்தநாகம் எரிந்து அந்த இடத்தில் துரு ஏறும். மூன்று வாசலும் அடைபட்ட அந்த இடத்தில்தான் நான்காவதாக இந்தச் சின்னக் குழல் வந்து நிற்கிறது. தகட்டிடம் இல்லாத தடிப்பை அது தன்னோடு கொண்டுவருகிறது.

மரை என்ற சொல்லையே நான் கொஞ்ச நேரம் வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பழந்தமிழில் அது மலைக்காட்டில் திரியும் மான் வகை. தாமரையையும் மரை என்று சுருக்கிச் சொல்வதுண்டு. நம் பட்டறைகளில் அது திருகின் வரி. ஊரில் ஒருவனுக்குப் புத்தி பிசகினால் மரை கழண்டுவிட்டது என்கிறோம். திருகு பிடிக்காமல் வெறுமனே சுற்றுகிற நிலையை இதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த நட்டின் நெருங்கிய உறவு நம் வீட்டுப் பெண்களின் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. மூக்குத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சதை, அதில் ஒரு துளை, முன்னால் கல் பதித்த பூ, பின்னால் திருகாணி. பூவின் பரப்பும் பின்பிடிப்பும் சேர்ந்துதான் அந்த மெல்லிய இடத்தில் நகையை நிறுத்துகின்றன. திருகாணி ஏறும் குழலை ஆசாரிகள் சுரை என்பார்கள். ரிவெட் நட்டும் ஒரு சுரைதான். ஆனால் முன்பக்கமாகவே நுழைந்து, பின்பக்கம் போனபிறகு தன்னை அகலமாக்கிக்கொள்ளும் சுரை. எந்த ஆசாரியும் மூக்குக்கு இதைச் செய்யத் துணியமாட்டார், தகட்டுக்குச் செய்யலாம்.

பட்டறைத் தம்பி கையில் ஒரு புது நட்டை வைத்துக் காட்டினார். தலையில் மெல்லிய விளிம்பு. அதற்குக் கீழே சுவர் மெலிந்த குழல். மரை இருப்பது அதற்கும் கீழே, கடைக்கோடியில், சுவர் தடித்த பகுதியில் மட்டும். அந்த மெலிவும் அந்தத் தடிப்பும்தான் இதன் நுட்பம் முழுவதும். இரண்டு கைப்பிடி உள்ள கருவியின் நுனித் திருகில் நட்டை ஏற்றி, ஒரு தகட்டுத் துண்டின் துளையில் நுழைத்து, விளிம்பு தகட்டில் பதியும்படி அழுத்திப் பிடித்தார். கைப்பிடிகளை நெருக்கினார். உள்ளே திருகு பின்னோக்கி இழுபட, மரையுள்ள தடித்த பகுதி தகட்டை நோக்கி வருகிறது. நடுவில் அகப்பட்ட மெல்லிய சுவருக்குப் போக இடமில்லை. அது வெளிப்பக்கமாக மடிந்து, சுற்றிலும் ஒரே சீராகப் பூரித்து, தகட்டின் பின்முகத்தில் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான். ஓசைகூட இல்லை. கையில் மட்டும் ஓர் இளக்கமும், அதன்பின் ஓர் இறுக்கமும். முன்னால் விளிம்பு, பின்னால் புடைப்பு, நடுவே தகடு. உடுக்கையின் இடுப்பைக் கைவிரல் பற்றியிருப்பது போல.

இந்த எண்ணம் முதலில் ஆகாயத்துக்காகப் பிறந்தது. 1930களில் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனம், விமான இறக்கைகளின் முன்விளிம்பில் உறையும் பனிக்கட்டியை உடைத்துத் தள்ள ரப்பர் உறைகளைச் செய்தது. இறக்கைத் தோலோ மெல்லிய அலுமினியம். உள்ளே போய் நட்டுப் பிடிக்க ஆள் நுழைய முடியாது. அந்த ரப்பரை மாட்டுவதற்கு அவர்கள் கண்ட வழியே ரிவ்நட் என்ற பெயரில் உலகம் சுற்றி, நம் ஊர் இரும்புக் கடையின் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் வந்து சேர்ந்தது. பனிக்காகப் பிறந்த பொருள் இங்கே ஏலக்காயின் வெக்கைக்கு நடுவே இருக்கிறது. எனக்கு இதில் ஒரு ரகசியச் சந்தோஷம்.

சரி, எட்டு மொட்டில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போகிறேன். ஏழு அசையாமல் இருந்தன. எட்டாவதைத் தொட்டால் துளைக்குள்ளேயே சுற்றியது. அதற்காகத்தான் இத்தனை வெட்டும் சுமையும். போல்ட்டைக் கழற்றப் போனால் நட்டும் கூடவே சுழலும். இறுக்கப் போனாலும் சுழலும். ஏதோ ஒரு பட்டறையில் எப்போதோ போட்டது. மூடி அந்த மூலையில் அழுந்தாமல், இடுக்கு வழியே சூடான காற்று கசிந்துகொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். அதைப் பத்துப் பங்கு அளவுக்கு இறக்க, ஐம்பது டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பக்குவமாகக் காற்றோட வேண்டும். சூடு கூடினால் காய் வெடித்து நிறம் கெடும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தத் தட்டுக் காய் மங்கும். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரி முதலில் பார்ப்பது பச்சை நிறத்தைத்தான். அந்தப் பச்சைக்கும் இந்தச் சுற்றும் நட்டுக்கும் நடுவே ஒரு மூடியின் இடுக்குதான் தூரம்.

எட்டாவது ஏன் தோற்றது? தம்பி அதைத் துளையிலிருந்து அகற்றி, துளையை வெயிலுக்கு நேரே பிடித்தார். "வட்டமாவா இருக்கு? பாருங்கண்ணே."

பார்த்தேன். வட்டமில்லை. மூன்று பக்கம் மெல்ல உப்பிய, நுங்கின் குறுக்குவெட்டு மாதிரியான வடிவம். சாதாரண டிரில் பிட்டை மெல்லிய தகட்டில் இறக்கினால் வரும் வடிவம் இது. தடித்த இரும்பில் என்றால் முனை உள்ளே இருக்கும்போதே தோள்பட்டை துளையின் சுவரில் சாய்ந்து நேராக இறங்கும். மெல்லிய தகட்டில் தோள் பதியும் முன்பே முனை மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. பிடிமானம் போன பிட் அலைபாய்ந்து மூன்று மூலையாகக் கோதுகிறது. பார்வைக்கு ஒன்பது மில்லி. நட்டுக்கோ, தன்னைச் சுற்றிலும் கட்டிப்பிடித்திருக்க வேண்டிய விளிம்பு மூன்றே இடத்தில்தான் தொடுகிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே நல்ல துளையைப் புகழத்தான் என்று சொன்னாலும் தவறில்லை. நட் பழுதாகிறது என்கிறோம். பல முறை அது போடுவதற்கு முன்பே, துளையிலேயே தோற்றிருக்கிறது. நான்கு மில்லி மரைக்கு ஆறு மில்லித் துளை, ஐந்துக்கு ஏழு, ஆறுக்கு ஒன்பது, எட்டுக்குப் பதினொன்று என்பது பொதுவான கணக்கு. ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு கூடினால் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பொறுக்காது. சரியான துளையைக் காட்ட, தம்பி ஒரு தகட்டுத் துண்டையும் படிப்படியாக அகலும் கூம்பு டிரில்லையும் எடுத்தார். அதன் ஒவ்வொரு படியும் முந்தைய படி வெட்டிய வட்டத்தில் சாய்ந்துகொண்டே இறங்குவதால் துளை அசல் வட்டமாக வருகிறது. கடைசிப் படிக்கு முன்பு அவர் கை தாமதித்தது. வேகத்தைக் குறைத்தார். ஒரு துளி எண்ணெய் விட்டார். ஒன்பது என்று பொறித்த படி தகட்டைக் கடந்த கணத்திலேயே நிறுத்தினார். இன்னும் ஒரு விநாடி அழுத்தியிருந்தால் அடுத்த படியும் இறங்கி எல்லாம் வீணாகியிருக்கும். அந்த நிறுத்தலில் ஒரு தவில் வித்வானின் கணக்கு இருந்தது.

அதன்பின் பிசிறு. துளை போட்ட தகட்டின் பின்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முள்வேலி நிற்கும். விரலை ஓட்டினால் தெரியும், ரத்தமும் வரும். அதை விட்டுவிட்டு நட்டை ஏற்றினால், விளிம்பும் புடைப்பும் தகட்டின் மேல் உட்காராமல் அந்த முள்ளின் மேல் உட்காரும். போட்ட அன்று இறுக்கமாகத்தான் இருக்கும். விசிறி நாலு நாள் அதிர்ந்ததும் முள் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு இடைவெளி. இடைவெளி வந்ததும் ஆட்டம். இரண்டு பக்கமும் அவர் பிசிறை எடுத்த விதம் இருக்கிறதே! பெரிய டிரில் பிட்டை இயந்திரத்தில் மாட்டாமல் விரல்களில் பிடித்து, காது குடைவது போல இரண்டே சுற்று. அதிகம் சுரண்டினால் மெல்லிய தகட்டின் விளிம்பு கூம்பாகி, இருக்கிற முக்கால் மில்லியும் கரைந்துபோகும். கூர்மை போக வேண்டும், சதை போகக்கூடாது. நாவிதரின் கத்தியை நினைத்துக்கொண்டேன்.

மில்லிமீட்டரோடு இந்த ஊருக்கு உள்ள உறவை இங்கே சொல்லியாக வேண்டும். அரிசியைக் குருணை பார்ப்பதுபோல ஏலக்காயை இங்கே துளை பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். அக்மார்க் கணக்கில் ஏழு மில்லி சல்லடையில் நின்றால் எக்ஸ்ட்ரா போல்டு (bold), ஆறில் நின்றால் போல்டு. எட்டு மில்லிக் காய் என்று சொல்லும்போதே இங்குள்ளவர்கள் குரலில் ஒரு செல்லம் ஏறிவிடும். சல்லடைத் துளை அரை மில்லி தேய்ந்தால் விலையே மாறும் ஊரில், துளையின் அருமையைத் தகட்டுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தம்பியின் அப்பா சல்லடைத் தகடு அடித்தவராம். அதைக் கேட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது எனக்கு.

அடுத்து, இழுக்கும் அளவு. இதில்தான் கையின் இசை இருக்கிறது. குறைவாக இழுத்தால் புடைப்பு முழுதாக உருவாகாது. தகட்டைத் தொடாமல் அரையில் நின்றுவிடும். வெளியே விளிம்பு பதிந்திருப்பதால் பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும். கூடுதலாக இழுத்தால் புடைப்பு முடிந்தபின்னும் விசை போக்கிடம் தேடி மரையையே இழுத்து நீட்டும். வரிகளின் இடைவெளி மாறிவிடும். அப்புறம் போல்ட் இரண்டு சுற்று போய் இறுகி நிற்கும்; பலம் கொடுத்தால் நட்டையும் சேர்த்துச் சுழற்றும். நட்டிலும் ரகம் உண்டு. பெட்டியில் இத்தனை மில்லித் தடிப்பிலிருந்து இத்தனை மில்லி வரை என்று போட்டிருக்கும். ஆறு மில்லி நட்டில் அரை மில்லி முதல் மூன்று மில்லி வரைக்குமான ரகம் சாதாரணமாகக் கிடைப்பது. தடித்த தகட்டுக்கான நீள ரகத்தை மெல்லிய தகட்டில் போட்டால் புடைப்பு தகட்டைத் தொடாமல் தள்ளியே திரளும். காலுக்கு ஒவ்வாத செருப்பு மாதிரிதான்.

சரியான அளவை அவர் எப்படிப் பிடிக்கிறார்? சுவரில் ஆணியடித்து ஒரு தகட்டுத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். அதே 22 கேஜ். அதில் வரிசையாக ஏழெட்டு நட். ஒவ்வொரு புதுப் பொட்டலம் பிரிக்கும்போதும், முதல் இரண்டை வேலையில் போடாமல் இந்தத் துண்டில் போடுவாராம். போடுமுன் நட்டின் நீளம், போட்டபின் நீளம் என்று வெர்னியரில் பார்த்து, கருவியின் இழுப்பை அதற்கேற்பத் திருகி வைத்துக்கொள்வாராம். அதில் ஒன்றை நடுவே ரம்பத்தால் பிளந்தும் வைத்திருந்தார். பிளந்த நட்டை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மடிந்த சுவர் தகட்டின் பின்முகத்தில் உதடு பதித்தாற்போல் அமர்ந்திருக்கிறது; இடையில் ஒரு மயிரிழைகூட நுழையாது. மடிப்பின் வளைவில் ஒரு விரிசல் இல்லை. பட்டுப்புடவைக் கொசுவத்தின் முதல் மடிப்பு எப்படி உடையாமல் திரும்புமோ, இரும்பு அப்படித் திரும்பியிருந்தது.

குழலின் வெளிப்புறத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். மெல்லிய வரிகள் நெடுக ஓடும். வழவழப்பான உடல் கொண்ட நட்டும் உண்டு, விலையும் கொஞ்சம் குறைவு. வரிகள் துளையின் விளிம்பைக் கடித்துக்கொள்வதால் சுழல விடாது. இதைவிட உறுதி வேண்டுமென்றால் அறுகோண உடல். அதற்குத் துளையும் அறுகோணமாக வேண்டும். டிரில்லால் வராது, பஞ்ச் வேண்டும். ஆறு முகமும் ஆறு சுவரில் சாய்ந்துவிட்டால் நட் சுழல வேண்டுமானால் தகட்டையே கிழித்தாக வேண்டும். அடிக்கடி கழற்றி மாட்டும் மூடிகளுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. தம்பியோ, துளை சரியாக இருந்தால் வரி நட்டே பேரன் காலம் வரை நிற்கும் என்கிறார். துளை போடுவது அவராக இருக்கும்வரை அவர் சொல்வது சரிதான்.

இந்த நட்டின் நயங்களில் என்னை அதிகம் கவர்ந்தது, அதிகம் பேர் கவனிக்காத ஒன்று. மூடி எதன் மேல் அழுந்துகிறது? மூடியில் போட்ட துளை நட்டின் விளிம்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை இறுக்கும்போது மூடி அந்த விளிம்பின் மேல் உட்காரும். இழுவை முழுவதும் போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையிலேயே முடிந்துவிடும். பாவம் தகடு, அது நிம்மதியாக நடுவில் இருக்கும். மூடியின் துளை பெரிதாகிவிட்டால் விளிம்பு அந்தத் துளைக்குள் அந்தரத்தில் நிற்கும். அதன்பின் போல்ட்டை இறுக்க இறுக்க அது நட்டைத் தகட்டிலிருந்து முன்னோக்கி உருவும். இறுக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்போம். மூடித் துளை ஏற்கெனவே பெரிதாகிவிட்டதா? தடித்த வாஷரை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்தால் தீர்ந்தது. தகட்டு ஓரத்திலிருந்து துளையின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உள்ளே தள்ளிப் போடுவதும் இதே அக்கறைதான். ஓரத்தில் போட்டால் தகடு காதைப் போலக் கிழியும். கனத்த பாம்படம் போட்டுத் தொங்கிய பாட்டிகளின் காது நமக்குத் தெரியாததா?

மலையில் இந்த அக்கறைகளுக்கெல்லாம் வட்டியோடு வேலை உண்டு. போடி மெட்டுக்குப் பதினேழு கொண்டையூசி வளைவு. விடியுமுன் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த ஊரிலிருந்து ஜீப்கள் வரிசையாக ஏறுகின்றன. அவற்றின் மேல்கூடு, பக்கத் தகடு, பின்ஏணி, கூடுதல் விளக்குச் சட்டம் என்று எத்தனையோ இடத்தில் இந்த மொட்டுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் உடல் ஒருபக்கம் முறுகும், மறுதிருப்பத்தில் மறுபக்கம். தகடு மூச்சுவிடுவது போல உள்ளே போய் வெளியே வரும். அந்த மூச்சைத் தடுக்க, ஏணி மாதிரி பளு தொங்கும் இடத்தில் தகட்டுக்குப் பின்னால் ஒரு விரல்கடை அகலத்துக்கு 18 கேஜ் பட்டையை வைத்து, இரண்டையும் சேர்த்துத் துளைத்து நட் போடுகிறார்கள். பளு ஒரு புள்ளியில் குத்தாமல் பட்டை நெடுகப் பரவுகிறது. தாவணிக்கு ஓரம் மடித்துத் தைப்பதைப் போல எளிய, கண்ணுக்கு இதமான வேலை.

அப்புறம் ஈரம். மெட்டைத் தாண்டினால் சாரலும் மஞ்சும். டிரையருக்குள்ளோ காயிலிருந்து கிளம்பும் ஆவியே போதும். இரும்புத் தகட்டில் துத்தநாகம் பூசிய இரும்பு நட் சமர்த்தாக இருக்கும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் போட்டுவிட்டு ஈரத்தில் விட்டால், நட் பளபளவென்று இருக்கும், சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். நட் தேயவில்லை, அதன் வீடு தேய்ந்துவிட்டது. அலுமினியத்துக்கு அலுமினிய நட், அல்லது இடையே நல்ல பூச்சு. பூச்சிலும் ஒரு நிதானம் வேண்டும். விளிம்புக்கு அடியில் பெயிண்ட் தடித்துக் கிடந்தால், நாளாக ஆக அது நசுங்கி இடம் விட்டுவிடும்.

எல்லாம் செய்து முடித்தபின், போல்ட் ஏற்றும் அந்தக் கடைசி மரியாதை. தம்பி முதல் இரண்டு சுற்றை விரலால்தான் சுற்றினார். கோணலாக நுழைந்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். பேட்டரி துப்பாக்கிக்குத் தெரியாது, அது மரையைத் தின்றுகொண்டே ஓடும். போல்ட் நுனியில் ஒரு பொட்டு கிரீஸ். பசை போட்டு ஒட்டவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கழற்றும் நாளில் அந்தப் பசையின் பிடிவாதம் நட்டைத்தான் சுழற்றும் என்கிறார்.

சுற்றிக்கொண்டிருந்த எட்டாவது இடத்துக்கு என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மூன்று மூலைத் துளையைப் பதினொன்று வரை வட்டமாக அகட்டி, எட்டு மில்லி நட் போட்டார். மூடியிலும் அந்த ஒரு துளையை மட்டும் அதற்கேற்ற அளவுக்கு, விளிம்பை மீறாமல், பெரிதாக்கினார். இப்போது ஏழு பேர் ஓர் அளவு, ஒருவர் மட்டும் கொஞ்சம் தடியர். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் எடுக்க வேண்டும். அந்த ஒரு குறையும் எனக்குப் பிடித்திருந்தது. தகட்டைத் திருப்பித் தரும்முன், அதில் ஒட்டியிருந்த தூள், பிசிறு, பழைய நட்டின் துணுக்கு எல்லாவற்றையும் காந்தத்தால் ஒற்றி எடுத்தார். விசிறிக்குள் போனால் சத்தம் கேட்குமாம்.

கிளம்பும்போது சுவரிலிருந்த அந்தத் தகட்டுத் துண்டை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் இன்னும் நட் போடாத ஒரு துளை, ஐந்து மில்லி மரைக்கானது, ஏழு மில்லி. வட்டம் அவ்வளவு சுத்தம். சட்டைப்பையில் சித்தப்பா திணித்தனுப்பிய ஏலக்காய் இருந்தது. ஒன்றை எடுத்துத் துளையில் வைத்தேன். பாதி இறங்கி, பச்சையாக அங்கேயே நின்றது.

தம்பி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எட்டு மில்லிக் காய்ண்ணே. இறங்காது."